பின் விறாந்தைப் பெரட்டு

1913 செப்டம்பர் 15, திங்கள்

காற்றில் இலங்கைத் தேசப்படம் ஆணியிலிருந்து கழன்று என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஜூலையிலிருந்து அவர்களோடு இருக்கிறேன். எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்த முதல் காரியம் அந்தச் சிரிப்புதான்.

பதினோரு பேர். பதுளைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்து இரண்டு மைல் இறங்கி வருகிறார்கள். முன் அறைகளில் அவர்களை உட்கார வைக்க ஊர்ப் பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் சிலர் ஒப்பவில்லை. அதனால் பின் விறாந்தை, திண்ணை மாதிரி திறந்த இடம். நேசம்மா டீச்சர் ஏற்கெனவே மூன்று வகுப்புகளைப் பார்க்கிறார். ஆகவே காலை பத்து மணியிலிருந்து பதினொன்று வரை இந்தப் பதினோரு பேரும் ஆறாம் வகுப்பு வள்ளியம்மையின் பொறுப்பு. என் பொறுப்பு. இதை எழுதிப் பார்க்கத்தான் இன்று இந்த நோட்டைத் திறந்தேன்.

எழுதிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் தோட்டத்துத் துரை நேரில் வருவாராம். வகுப்புச் சாமான்களைக் காட்டி இங்கிலீஷில் பெயர் கேட்பாராம். இருபத்திரண்டு சாமான், இருபத்திரண்டு சொல். சொன்னால் வகுப்பு தொடரும். சொல்லாவிட்டால் எட்டு வயது தாண்டியவர்கள் தோட்டத்தில் புல்லு வெட்டப் போக வேண்டும். பெரியவர்கள் வராமல் சின்னதுகள் தனியாக அந்தப் பாதையில் இறங்க முடியாது. வகுப்பே போய்விடும்.

வகுப்பு போனால் நானும் போனேன். பதின்மூன்று முடிந்துவிட்டது, இனி எதற்குப் பள்ளிக்கூடம் என்று அப்பா ஆனியிலேயே சொல்லிவிட்டார். டீச்சர் எங்கள் கடைக்கே வந்து, இந்த வகுப்புக்கு ஆள் இல்லை, பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்ட பிறகுதான், "சரி, அந்த வகுப்பு இருக்கிற வரைக்கும் போகட்டும்" என்றார். அரிசி அளந்துகொண்டே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

நான் சொல்ல, அவர்கள் சேர்ந்து சொல்கிறார்கள். ஸ்லேட், பென்சில், சோக், போர்டு, பெஞ்சு... ராகம் நன்றாக வந்துவிட்டது. இன்று தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். பெஞ்சைத் தொட்டு இது என்ன என்றேன். எட்டு வயது வீரய்யா "ஸ்லேட், பென்சில், சோக்" என்று முதலிலிருந்து ஏறி வந்து பெஞ்சில் நின்றான். கதவைக் கேட்டால் பதினாறு படி ஏற வேண்டும். பாதியில் விழுந்து மறுபடி கீழேயிருந்து ஏறுகிறான். துரை அவ்வளவு நேரம் நிற்பாரா?

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றும் அதே. என் பெஞ்சுத் தோழி ஜெனீரா, "உன் பஜனை கோஷ்டி சத்தத்துல எங்களுக்குக் கணக்கு வரல" என்கிறாள். சிரித்தேன். சிரிப்பு வரவில்லை, சிரித்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று ஒன்றைப் பார்த்தேன். அதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

மணி அடிக்குமுன் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரட்டு விளையாட்டு. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணி விடியற்காலையில் அவர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவாராம், அதற்குப் பெயர் பெரட்டு. வீரய்யாதான் கங்காணி. ஒரு கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, பேரை இழுத்துக் கூப்பிடுகிறான். கூப்பிட்ட பேருக்கு உரியவர் ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒருவர் கூடப் பிசகவில்லை. ஐந்து வயது அங்கம்மா, என் வகுப்பில் வாயே திறக்காதவள், தன் பேர் வந்ததும் அம்பு மாதிரி பாய்ந்தாள்.

இருபத்திரண்டு சொல். பதினோரு பேர். ஆளுக்கு இரண்டு சொல்லைப் பேராகக் கொடுத்தால்?

செப்டம்பர் 24, புதன்

கொடுத்தேன்!

அங்கம்மாவுக்கு பெல், இங்க். அழகருக்கு மேப், டஸ்டர். ஒன்பது வயது வேலாயிக்கு — வகுப்பில் மூத்தவள் அவள்தான், முன்பல்லில் பாதி இல்லை — ரூலர், விண்டோ. விறாந்தையில் ஜன்னல் கிடையாது, அடுத்த அறை ஜன்னலுக்குத்தான் அவள் ஓட வேண்டும். வீரய்யா சேர் தனக்குத்தான் வேண்டும் என்றான். கங்காணி நிற்பாரா என்று கேட்கிறான்.

நான் சொல்லைக் கூப்பிடுவேன். பேருக்கு உரியவர் ஓடிப் போய் அந்தச் சாமானைத் தொட்டு, அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லி, வரிசைக்குத் திரும்ப வேண்டும். பிந்தி வருகிறவர் புத்தகக் கூடையைத் தேயிலைக் கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு சுற்று. இன்று ஒரு மணி நேரத்தில் ஒரு பெரட்டுத்தான் முடிந்தது. கூடையைச் சுமப்பதற்காகவே அழகர் மெதுவாக ஓடினான்.

அக்கா, நாளைக்கும் பெரட்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாளைக்கும்தான். தினமும்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

நேசம்மா டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் தாங்காமல் சோக்கும் கையுமாக வந்து வாசலில் நின்று, "பிள்ளை, இது பள்ளிக்கூடமோ சந்தையோ?" என்றார். பட்டியலை நீட்டினேன். நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள் டீச்சர் என்றேன், எப்படித்தான் சொன்னேனோ. அவர் பட்டியலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூப்பிட்டார். மேப். சோக். பெல். விண்டோ. சொல்லி வாய் மூடுமுன் பிள்ளைகள் தொட்டுவிட்டு நின்றார்கள். வேலாயி ஜன்னலுக்கு ஓடியதில் மூன்றாம் வகுப்பே எழுந்து பார்த்தது.

டீச்சர் பட்டியலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். திரும்பிப் போகும்போது கூடையில் தடுக்கி, "இதுக்கு என்ன பேர் வைச்சனீர்?" என்று மட்டும் கேட்டார். பாஸ்கெட் பட்டியலில் இல்லை. சேர்க்கட்டுமா என்று யோசிக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை பிடித்துவிட்டது. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கணுக்காலில் அட்டைக்கடி ரத்தத்தோடு வந்து நிற்கிறார்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் கூப்பிடுவது கேட்காது. நான் வாயை மட்டும் அசைக்கிறேன், அதைப் பார்த்தே ஓடுகிறார்கள். மூன்று பெரட்டு, அரை மணி நேரம்.

வீட்டிலும் சும்மா இருக்க முடியவில்லை. சோறு போட்ட தட்டைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பேர் வைத்துக் கூப்பிடத் தோன்றுகிறது. அம்மா, "ஒரு எடத்துல உக்காந்து தின்னுடி, ஏன் குதிக்கிற" என்கிறார்.

அக்டோபர் 27, திங்கள்

நாளை தீபாவளி. பள்ளி இல்லை. பிள்ளைகள் மறந்துவிடுவார்களோ?

நவம்பர் 4, செவ்வாய்

மறக்கவில்லை. ஐந்து பெரட்டு, ஒரு பிசகு இல்லை.

அழகருக்குக் காய்ச்சல், வரவில்லை. மேப் என்று கூப்பிட்டேன். யாரும் அசையவில்லை. "அவன் வரலீங்க" என்றான் வீரய்யா. டஸ்டர் என்றேன். அதற்கும் அப்படியே நின்றார்கள். என்ன ஒழுங்கு என்று மெச்சிக்கொண்டு அடுத்த பேருக்குப் போனேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நாள் குறித்தாகிவிட்டது. டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, துரை வருகிறார். அதற்கு முன், வருகிற 24ஆம் தேதி திங்கட்கிழமை, நம் மிஸ்ஸியம்மாவே ஒரு தடவை பார்த்துவிடுவாராம். மிஷன் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்காரி அவர். தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் தலையசைத்தால் துரையும் அசைப்பார் என்கிறார் டீச்சர்.

வரட்டும். எனக்குப் பயமே இல்லை. மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்து என்ன சொல்வார் என்று மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நாலிலும் நான் அடக்கமாகத் தலை குனிகிறேன்.

நவம்பர் 24, திங்கள்

போச்சு.

எல்லாம் போச்சு. எங்கிருந்து எழுதுவது.

மிஸ்ஸியம்மா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பெரட்டு நடத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வேலாயியை எழுப்பி, மணியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வேலாயி பேசவில்லை. சரி என்று அழகரை எழுப்பி நாற்காலியைக் காட்டினார். அழகர் பேசவில்லை. வீரய்யாவிடம் படம். வீரய்யா அழகரைப் பார்த்தான், அழகர் வீரய்யாவைப் பார்த்தான், இருவரும் தரையைப் பார்த்தார்கள். பதினோரு பேரையும் எழுப்பினார். அங்கம்மாவுக்கு மட்டும் தற்செயலாக மைக்கூட்டைக் காட்ட, அவள் இங்க் என்றாள். மற்றப் பத்து பேரும் ஊமை.

"நாலு மாதம்" என்றார் மிஸ்ஸியம்மா, டீச்சரைப் பார்த்து. கோபமாகக் கூடச் சொல்லவில்லை. துரையை வீணாக மலையிறங்க வைக்க வேண்டாம், நானே எழுதிவிடுகிறேன் என்றார். டீச்சர் கெஞ்சித்தான் ஐந்தாம் தேதி வரை நிறுத்தி வைத்திருக்கிறார்.

அவர்கள் போன பிறகு நான் செய்ததை எழுத வேண்டும். எழுதாமல் இந்த நோட்டு எதற்கு?

வேலாயியைக் கூப்பிட்டேன். உனக்கு பெல் தெரியாதா என்று கேட்டேன். "தெரியுங்க அக்கா" என்றாள். தெரியுமா? தெரிஞ்சுமா சும்மா நின்ன? பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. மேசையில் கிடந்த ரூலரை எடுத்து அவள் உள்ளங்கையில் ஓங்கி அடித்துவிட்டேன். கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. என் கையைப் பார்த்தாள். இல்லை, கையையல்ல, ரூலரைப் பார்த்தாள்.

நான் யாரையும் அடிச்சதே இல்ல. ஏன் அடிச்சேன்?

நவம்பர் 25, செவ்வாய்

வேலாயி வரவில்லை.

நவம்பர் 27, வியாழன்

வேலாயி வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். பெரட்டு கூப்பிட்டேன். வழக்கம்போல எல்லாரும் ஓடினார்கள், எல்லாம் சரி. பிறகு உட்கார வைத்துச் சாமானைக் காட்டிக் கேட்டேன். ஊமை. என்ன இது? தெரிகிறது, ஆனால் சொல்வதில்லை. எனக்கு எதிராகக் கட்டுப்பாடா? நான் என்ன செய்தேன் இவர்களுக்கு? — செய்தேன்தான். ஆனால் அது அதற்குப் பிறகுதானே.

ரூலர் என்று கூப்பிட்டபோது வரிசையில் ஒரு இடைவெளி இருந்தது. யாரும் அதை நிரப்பவில்லை.

நவம்பர் 29, சனி

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அத்தை வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். என்னை அங்கே அனுப்பவா?

நவம்பர் 30, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் கடைத்தெருவுக்கு இறங்கும் நாள். உள்ளே பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பெண் குரல் கருவாடு கேட்டது. எட்டிப் பார்த்தால், வேலாயியின் அம்மா பூவம்மா. ஒரு நாள் மழையில் பிள்ளையைக் கூட்டிப் போக விறாந்தைக்கு வந்திருக்கிறார்.

ஒளிந்துகொள்ளத்தான் தோன்றியது. ஆனால் கால் வெளியே போய்விட்டது. வேலாயிக்குச் சுகமில்லையா என்று கேட்டேன். சுகத்துக்கு என்ன, வர மாட்டேங்கிறா என்றார். நான் அடித்துவிட்டேன் என்றேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் பாப்பா. அடிச்சதுக்கு அவ அழுவலீங்க. அந்தக் கட்டை அவ பேராம்ல? எம் பேராலயே என்னைய அடிச்சிட்டாங்கன்னுதான் மூலையில உக்காந்திருக்கா."

 தெரிந்தும் ஏன் பதில் சொல்லவில்லை, மணியைக் காட்டித்தானே கேட்டார்கள் என்றேன்.

"மணி அங்கம்மா பேருங்களே" என்றார் பூவம்மா. இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அடுத்தவ பேருக்கு இவ எப்படிங்க கொரல் குடுப்பா?"

பிறகு சொன்னார். போன வருஷ ஐப்பசியில் பூவம்மாவின் தங்கைக்கு லயத்தில் பிரசவ வலி. பெரட்டில் தங்கை பேரைக் கூப்பிட்டபோது, பேர் விழாவிட்டால் அன்றைய கூலி போய்விடுமே என்று, கூட்டத்துக்குள்ளிருந்து பூவம்மாவே குரல் கொடுத்திருக்கிறார். கங்காணி கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பேருடைய அன்றைய கூலியையும் வெட்டி, பூவம்மாவை மத்தியானம் வரை பெரட்டுக் களத்திலேயே மழையில் நிற்க வைத்தாராம். வேலாயி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றிருக்கிறாள்.

"அன்னையிலேருந்து லயத்துல எல்லாப் புள்ளைகளுக்கும் அதான் பாடம். ஒம் பேரு வந்தா வாயத் தொற, அடுத்தவம் பேருக்கு மூடிக்க."

என் பாடத்துக்கு முந்தியே அவர்கள் ஒரு பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான் அதன் மேல் என் இருபத்திரண்டு சொல்லைக் கட்டிவிட்டு, என்ன ஒழுங்கு என்று மெச்சிக்கொண்டேன். அழகர் வராத அன்றே காட்டினார்களே. பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

பூவம்மா கருவாட்டை முடிந்துகொண்டு போனார். அப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, சும்மா பேச்சுக்கு, "அப்ப எல்லார் பேரையும் சொல்றதுக்கு அந்தக் கங்காணி ஒருத்தனுக்குத்தான் வாய் இருக்கு போல" என்று சிரித்தார்.

பயறுத் தட்டு கையிலிருந்து நழுவிக் கடை முழுக்கச் சிதறிவிட்டது. அப்பா திட்டினார். திட்டட்டும். கங்காணி! கங்காணி!

டிசம்பர் 1, திங்கள்

காலையில் பள்ளியிலிருந்து ரூலரை எடுத்துக்கொண்டு, மணி அடிக்குமுன் பாதி மலை ஏறினேன். பாதை திரும்புகிற இடத்தில் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள், வேலாயி இல்லை. வீரய்யாவை மட்டும் திருப்பி அனுப்பினேன். ரூலரை அவனிடம் கொடுத்து, இது உன்னுடையது, நீ வராமல் இதை யாரும் தொடவில்லை, இனி உன்னைக் கேட்காமல் நானும் தொட மாட்டேன், எடுத்துக்கொண்டு வா என்று அக்கா சொன்னார் என்று சொல்லச் சொன்னேன். அவ்வளவு நீளமாக அவன் எங்கே சொல்லியிருப்பான்.

பத்தரைக்கு வேலாயி வந்தாள். ரூலரைப் பாவாடையில் செருகியிருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

பெரட்டைப் புதிதாக நடத்தினேன். இனி நான் கங்காணி இல்லை. ஒரு நாளைக்கு ஒருவர் இல்லை, ஒரு பெரட்டுக்கு ஒருவர். கம்பு யார் கையில் இருக்கிறதோ அவர் சாமான் ஒவ்வொன்றையும் காட்டி அதன் பேரைக் கூப்பிட வேண்டும். எல்லார் பேரையும். கங்காணி சொல்லலாம், தப்பில்லை. முதலில் யாரும் முன்வரவில்லை. "நெசமாவா அக்கா? யாரும் வைய மாட்டாங்களே?" என்று அழகர் இரண்டு தரம் கேட்டான். அப்புறம் கம்பை வாங்கினான். இருபத்திரண்டையும் சொன்னான். ஒன்று தப்பவில்லை.

அவர்களுக்கு எல்லாம் தெரியும். செப்டம்பரிலிருந்தே தெரிந்திருக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

நாலு நாளில் இருபத்திரண்டு பெரட்டு. அங்கம்மா கம்பைப் பிடித்தால் கீழே விடுவதில்லை. வேலாயியின் முறை வரும்போது மட்டும் கம்பை வேண்டாம் என்கிறாள், ரூலரைத்தான் பிடிக்கிறாள். நன்றாகச் சொல்கிறாள். ஆனால் மெதுவாக, காது கொடுத்தால்தான் கேட்கும்.

டீச்சரிடம் எல்லாம் சொன்னேன். துரையிடம் முதலிலேயே விளக்கிவிடுகிறேன் என்றார். நாளை. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

துரை விளக்கத்துக்கு நிற்கவில்லை. குதிரையிலிருந்து இறங்கியவர் நேரே விறாந்தைக்கு வந்துவிட்டார். பின்னால் மிஸ்ஸியம்மா. அதற்கும் பின்னால், குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கியபடி, தலைப்பாகை கட்டிய பெரிய உருவம் ஒன்று. பிள்ளைகள் விறைத்துப் போனதைப் பார்த்துத்தான் அது யார் என்று எனக்கு விளங்கியது. கங்காணி. அசல் கங்காணி.

துரை பிரம்பால் சுவரைக் காட்டி, முன்னால் நின்ற வேலாயியிடம், "இது என்னா பேர்?" என்றார்.

படம். அழகரின் பேர். வேலாயி வாய் திறக்கவில்லை. டீச்சர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், துரை கையை உயர்த்தினார். மிஸ்ஸியம்மா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

வேலாயி என்னைப் பார்த்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. துரைக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறேன். ரூலரை எடுக்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன். தலையசைத்தாள். மேசையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "நீதான் கங்காணி" என்றேன்.

வேலாயி ரூலரைக் கக்கத்தில் இடுக்கினாள். தொண்டையைச் செருமினாள். பிறகு இந்தப் பள்ளிக்கூடம் கேட்டிராத குரலில், "ஏய்... மேப்பு!" என்றாள்.

அழகர் பறந்து போய்ப் படத்தைத் தொட்டான். அவள் நிற்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையை ஒரு நடை நடந்தாள். பெல். சேர். டேபிள். "ஏய் சோக்கு, ஒனக்கு இன்னும் விடியலயா?" இங்க். டோர். இருபத்திரண்டாவது விண்டோ. அது தன் பேர் என்பதால் அதற்கு மட்டும் அவளே ஓடித் தொட்டுவிட்டு வந்து, தன்னையே ஒரு முறை முறைத்துக்கொள்கிற மாதிரி நின்றாள். வெற்றிலையைத் துப்புகிற மாதிரி ஒரு பக்கம் திரும்பினாளே பார்க்கலாம்!

துரை திரும்பித் தன் கங்காணியைப் பார்த்தார். மறுபடி வேலாயியைப் பார்த்தார். முகம் சிவந்து, பிரம்பை ஊன்றிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு அவரே ரூலரை வாங்கி அழகரிடம் கொடுத்தார். அடுத்து வீரய்யா. கடைசியில் அங்கம்மா, மூக்கு ஒழுகிக்கொண்டே, இருபத்திரண்டு. பதினோரு கங்காணிகள்.

அசல் கங்காணி சிரிக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது வேலாயி முன் ஒரு கணம் நின்று, "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

"பூவம்மா மக வேலாயிங்க" என்றாள். பழைய சின்னக் குரல்தான். ஆனால் தன் பேருக்குத் தானே சொன்னாள்.

எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் ஏன் கேட்டார் என்று இப்போது யோசிக்கிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

துரையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சிரித்தாரே? சிரித்தால் சரி என்று அர்த்தமா? பொழுது போனதற்குச் சிரித்தாரோ என்னவோ. தபால்காரர் கடையைத் தாண்டும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன்.

டிசம்பர் 12, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. பத்து வயது வரை பிள்ளைகள் வரலாம். மழை நாளில் ஒரு மணி பிந்தி வரவும் அனுமதி. டீச்சர் கடைக்கே வந்து அப்பாவிடம் படித்துக் காட்டினார். அப்பா, "அப்ப வகுப்பு இருக்கு" என்றார். "இருக்கு" என்றார் டீச்சர். அப்பா அரிசியை அளந்து முடித்துவிட்டு, இந்தத் தடவை என்னைப் பார்த்தார்.

அத்தைக்கு எழுதிய கடிதம் அலமாரி மேலேயே கிடக்கிறது. தபாலில் சேர்க்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

பூவம்மா வந்தார். இப்போது அவருக்குத் தூரத்து மலையில்தான் கொழுந்து பறிக்கிற வேலையாம். போக நாலு மைல், வர நாலு மைல். கங்காணி மாற்றிவிட்டார். காரணம் ஒன்றும் சொல்லவில்லையாம்.

என்னால்தான் என்றேன். உப்பைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே, "காலு இருக்குல்ல பாப்பா, நடந்துட்டுப் போறேன்" என்றார். பிறகு, "அவரு செருமுற மாதிரியே செருமினாளாமே? மலையெல்லாம் பேச்சு. வீட்டுலயும் ஒருக்காச் செஞ்சு காட்டச் சொன்னேன்" என்றார். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. எட்டு மைல். தினம் எட்டு மைல். இதை யாரிடம் போய்ச் சொல்வது? துரையிடமா? சொன்னால் அடுத்து எந்த மலைக்கு மாற்றுவார்கள்?

1914 ஜனவரி 12, திங்கள்

விடுமுறைக்குப் பிறகு முதல் நாள். தலையெண்ணிப் பார்த்தேன். பதினோரு பேர், கூட இரண்டு புது முகம். டீச்சர் புதுப் பட்டியல் கொடுத்திருக்கிறார், முப்பது சொல். கையும் காலும் மூக்கும் கண்ணும்.

புது ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்று முதலில் பழைய பெரட்டு ஒன்று. வேலாயி கங்காணி. பேர்களை மாற்றப் போறேன் என்றாள். மாற்றலாமா என்று அழகர் கேட்க, கங்காணி நான்தானே என்றாள். ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். வரிசையின் ஓரத்தில் நின்ற என்னிடம் வந்து, "அக்கா, நீங்களும் நில்லுங்க" என்றாள்.

நின்றேன். அங்கம்மாவுக்குப் பக்கத்தில்.

"உங்க பேரு ரூலரு" என்றாள்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை, வரிசையின் தலைக்குப் போய்விட்டாள். பெல் போனது, மேப் போனது, சேர் போனது.  எப்போது கூப்பிடுவாளோ என்று நிற்பது எப்படி இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

தொண்டையைச் செருமினாள். "ஏய்... ரூலரு!"

ஓடினேன். மேசையைத் தொட்டு, ரூலரைத் தொட்டு, "ரூலர்" என்று சத்தமாகச் சொல்லி, திரும்ப ஓடி வந்து வரிசையில் நின்றேன். நான் பிந்திவிட்டேன். கூடையை எடுத்து என் முதுகில் மாட்டிவிட்டாள், வாரை இரண்டு தரம் இழுத்துச் சரி பார்த்தாள். நான் சுற்றி வரும் வரை காத்திருந்தாள்.

பிறகு அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.